மாலை கழற்றிய மறுநாள்



இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைக்குச் சளி, தலைமுடி உதிர்கிறது, மாமியாருக்கு மூட்டுவலி என்றுதான் இருக்கும். பதில் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக அடுப்பங்கரைக்குப் போய்விடலாம். சில கடிதங்கள் அப்படியில்லை. மடித்து வைத்தாலும் மறுபடி பிரித்துப் படிக்கச் சொல்லும். திண்டுக்கல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பது அந்த ரகம். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதையே கொஞ்சம் படியுங்கள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். ஏழு வருஷமாகக் குடிக்கிறார். தினமும் குடிதான். ஆனால் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். அந்த நாற்பத்தோரு நாளும் தங்கமான மனுஷன். விடியுமுன்னே எழுந்து பச்சைத் தண்ணியில் குளிப்பார். மகளுக்குத் தலைபின்னிவிடக்கூட உட்காருவார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் மறுநாள் ராத்திரியே பழையபடி. போன வருஷம் என் மகள், ஆறு வயசு, கேட்டாள்: 'அம்மா, அப்பா மறுபடி எப்பம்மா சாமியாவாரு?' எனக்குப் பதில் சொல்ல வரலை.

யோகா முகாமில் சேர்த்தால் குடி மறந்துபோகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அவருடைய சிநேகிதர், கொடைக்கானல் காளானைத் தின்றால் ஒரே நாளில் மனசு மாறிவிடும், வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்கிறார். எங்க அத்தை, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற பொடி ஒன்று வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்கள். பொடி பரண் மேலே இருக்கிறது. கலக்கட்டுமா? நாற்பத்தோரு நாள் முடிகிற மனுஷனுக்கு நாற்பத்திரண்டாம் நாள் ஏன் அக்கா முடியவில்லை?"

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. ஆனால் பரண் மேல் இருக்கிற பொடி காத்திருக்காது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

பொடியைக் கலக்காதீர்கள்

வேண்டாம் சகோதரி. ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. 1940-களின் கடைசியில் டென்மார்க் நாட்டு டாக்டர்கள் குடிநோய்க்கு இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். நாம் குடிக்கிற சாராயம் உடம்புக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். பிறகு அந்த நச்சு உடைந்து போய்விடும். இந்த மாத்திரை அப்படி உடைவதைத் தடுக்கிறது. மாத்திரை சாப்பிட்டவர் குடித்தால் முகம் ரத்தமாய்ச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டி வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இருதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் ஈரலையும் இருதயத்தையும் பரிசோதித்து, குடிப்பவரிடமே விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்கிறார்கள். தெரியாமல் கலக்கச் சொல்லி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. தன் சோற்றில் மருந்து கலந்திருந்தது என்று என்றாவது ஒருநாள் அவருக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு உங்கள் கையால் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாலும் சந்தேகப்படுவார். குடியை விடவேண்டுமானால் அவருக்கு நம்பிக்கையான மனிதர் ஒருவர் வேண்டும். அந்த மனிதர் நீங்களாகத்தான் இருக்கவேண்டியிருக்கும்.

அத்தையின் மனசு நோகாமல் சொல்லிவிட்டு, அந்தப் பொட்டலத்தைப் பிள்ளை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

அந்த 41 நாளில் என்ன நடக்கிறது?

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். ஐயப்பன் அருளை அளக்க நான் ஆளில்லை. மனுஷனின் உடம்பிலும் மனசிலும் அந்த நாட்களில் என்ன மாறுகிறது என்று மட்டும் பார்ப்போம்.

விடியலில் குளிர்ந்த நீர். செருப்பில்லாத கால். எளிய சாப்பாடு. தரையில் படுக்கை. கறுப்போ நீலமோ உடுத்த வேஷ்டி. இவையெல்லாம் உடம்புக்கு. நடக்கிற ஒவ்வொரு அடியும், "நீ இப்போது வேறு ஆள்" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

பெயரும் மாறிவிடுகிறது. பட்டறையில் "ஏய், வாடா" என்று கூப்பிட்டவர்கள் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். நீங்களும் "சாமி, சாப்பிட வாங்க" என்கிறீர்கள். அப்படிக் கூப்பிடப்படுகிற மனுஷன் கடை வாசலில் போய் நிற்கக் கூசுவார். "வா, ஒரு ரவுண்டு" என்று இழுக்கிற சிநேகிதனும் அன்று இழுக்கமாட்டான்.

நேரமும் மாறுகிறது. மற்ற நாட்களில் கடைக்குக் கால் இழுக்கிற அந்தச் சாயங்கால வேளையில் பஜனை நடக்கிறது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சரணம் சொல்லும்போது மூச்சு எல்லோருக்கும் ஒரே தாளத்தில் போகிறது. உடம்பு சிலிர்க்கிறது. சிலருக்குக் கண்ணீர் வருகிறது. வீட்டுக் கடன், முதலாளியின் ஏச்சு, தன் மேலேயே உள்ள வெறுப்பு எல்லாம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விடுகின்றன.

குடிக்கிறவர் கடையில் தேடுவதும் இப்படித் தன்னை மறப்பதைத்தான். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1902-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மனுஷன் சாதாரண மனநிலையைத் தாண்டிப் போக ஆசைப்படுகிறான், மது அதற்கு ஒரு குறுக்கு வழியாக அமைந்துவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். பஜனை, தியானம், நீண்ட மூச்சு ஆகியவை அதே இடத்துக்கு விஷமில்லாத பாதையில் கூட்டிப்போகின்றன.

மாலையைக் கழற்றும்போது ஒரு துளசிமணி மாலை மட்டுமா கழல்கிறது? குளியல், பெயர், கூட்டம், சாயங்கால வேளை, குருசாமியின் கண் எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. ஊன்றுகோல் அத்தனையையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு "ஏன் விழுந்தாய்?" என்று கேட்டால் எப்படி? உங்கள் வீட்டுக்காரருக்கு மனஉறுதி இல்லை என்று நினைக்காதீர்கள். மனஉறுதிக்குப் பிடிமானம் இருந்தால் நிற்பார் என்றுதான் அந்த நாற்பத்தோரு நாள் காட்டுகிறது.

மூன்றாம் நாள் ஜாக்கிரதை

இதைப் படிக்கிற எல்லோரும் ஒரு விஷயத்தை மனசில் பதித்துக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். மாலை போட்டாலும் சரி, யோகா முகாமுக்குப் போனாலும் சரி, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத ஆளோடு பேசுவார். இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர் என்று தெரியாது. உடம்பு அனலாய்க் கொதிக்கும்.

மாலை போட்டிருக்கிற வீட்டில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? "சாமி வந்திருக்கு" என்பார்கள். மற்ற வீட்டில் "காத்துக் கருப்பு" என்பார்கள். வேப்பிலையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டிய நிலை இது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்க மருந்தும், பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்துச் சில நாளில் தேற்றிவிடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும்.

போன வருஷங்களில் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை குடித்து, நிறுத்தி, மறுபடி குடிக்கும்போதும் அடுத்த முறை நிறுத்துவது இன்னும் கடினமாகலாம். இப்போது ஆவணி. கார்த்திகை பிறக்க மூன்று மாதம் இருக்கிறது. மாலை போடுவதற்கு முன்பு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

யோகா முகாம் பற்றி

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதில் பாதி உண்மை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2006-ல் வெளியானது. குடிநோய்க்காகச் சேர்ந்த 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதல் ஒரு வாரம் எல்லோருக்கும் மருந்து கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். பிறகு பாதிப் பேருக்கு மட்டும் இரண்டு வாரம் சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும், ரத்தத்தில் கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோனும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. குடியை விட்ட முதல் வாரங்களில் மனுஷனை மறுபடி கடைக்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் சோர்வும் பதற்றமும்தான். அதைத் தணிக்கிற எதுவும் லாபமே. ஆனால் வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் மருந்து, அப்புறம் மூச்சு. வரிசையை மாற்றக்கூடாது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். 2011-ல் காலமானார். குடியை விட்டவர்கள் மறுபடி ஏன் விழுகிறார்கள் என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. நம் நாட்டில் 1994-ல் டில்லி திகார் சிறையில் கோயங்கா அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை உட்காரவைத்து விபாசனா தியானம் கற்றுக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே பத்து நாள் தியானத்தை சியாட்டில் பக்கத்துச் சிறை ஒன்றிலும் நடத்தினார்கள். மார்லட்டின் குழு அந்தக் கைதிகளைக் கவனித்தது. விடுதலையாகி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, தியானம் கற்றவர்கள் மதுவையும் போதைப் பொருளையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே தொட்டிருந்தார்கள். இதுவும் 2006-ல் வெளிவந்தது.

பிறகு அதையே எட்டு வாரப் பயிற்சியாகச் சுருக்கி, முதல் கட்ட சிகிச்சை முடித்த 286 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. ஒரு வருஷம் கழித்தும் தியானம் கற்றவர்களே மற்றவர்களைவிட மேலாக நின்றார்கள். எல்லோரும் நின்றார்கள் என்று சொல்லவில்லை. விழுந்தவர்களும் இருந்தார்கள். மந்திரம் மாதிரி ஒன்றும் நடந்துவிடவில்லை.

அலை வந்தால் என்ன செய்வது?

மார்லட் கற்றுக்கொடுத்த ஒரு வித்தையை நம் பாஷையில் சொல்கிறேன்.

திருச்செந்தூர்க் கடலில் குளித்திருக்கிறீர்களா? அலை வரும்போது விறைத்து நிற்கிறவரைத்தான் அது குப்புறத் தள்ளும். பயந்து திரும்பி ஓடுகிறவரையும் தள்ளும். பழகினவர்கள் அலையோடு லேசாக எழும்புவார்கள். அது தூக்கி, இறக்கிவிட்டு, கரைக்குப் போய்விடும்.

குடிக்கவேண்டும் என்கிற தவிப்பும் அலைதான். விட்டுவிட்டால் ஏறிக்கொண்டே போய்த் தன்னைக் கொன்றுவிடும் என்று குடிக்கிறவர் நினைக்கிறார். உண்மையில் அது ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணியத் தொடங்கும். அவர் வாழ்நாளில் அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை. ஏறும்போதே குடித்துவிடுகிறார் அல்லவா?

செய்முறை இதுதான்:

முதுகு நிமிர்ந்து, கால் தரையில் பட உட்காரவேண்டும். கண்ணை மூடலாம், திறந்தும் இருக்கலாம்.

தவிப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். தொண்டை வறட்சியா, நெஞ்சில் இறுக்கமா, கை துறுதுறுப்பா? "தொண்டை வறளுது", "நெஞ்சு இறுகுது" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளவேண்டும். "நான் மோசமானவன்" என்று சொல்லிக்கொள்ளக்கூடாது.

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடவேண்டும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

தவிப்பை விரட்டவும் வேண்டாம், அதற்குக் கீழ்ப்படியவும் வேண்டாம். கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இறங்கினதும் ஒரு சொம்பு மோரோ, இரண்டு இட்லியோ சாப்பிடவேண்டும். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கும் அலையை மறுபடி எழுப்பும்.

அமைதியாக இருக்கிற காலை வேளையில் தினமும் பத்து நிமிஷம் பழகினால்தான் சாயங்காலம் அலை வரும்போது கைகொடுக்கும். வெள்ளத்தில் விழுந்த பிறகு நீச்சல் படிக்க முடியாது.

காளான் கதை

இனி அந்த சிநேகிதர் சொன்ன காளான். அவர் முழுப்பொய் சொல்லவில்லை. அதனால்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த வகைக் காளானில் சைலோசைபின் என்ற பொருள் இருக்கிறது. சில மணி நேரம் மனநிலையையே புரட்டிப்போடும். நியூயார்க் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் குடிநோய் உள்ள 93 பேரிடம் இதைச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் அடுத்த எட்டு மாதத்தில் நூறு நாளுக்குப் பத்து நாள் போல மிதமிஞ்சிக் குடித்தார்கள். வேறு மாத்திரை பெற்றவர்கள் இருபத்து நான்கு நாள் போலக் குடித்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது எப்படி நடந்தது தெரியுமா? மனநோய், இருதயநோய் உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கினார்கள். அளந்த மருந்தை இரண்டே தடவை கொடுத்தார்கள். மனநல நிபுணர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு முறை உட்காரவைத்துப் பேசினார்கள். மலையில் யாரோ பொட்டலம் கட்டி விற்கிற காளானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எது விஷக்காளான் என்று தின்கிறவருக்குத் தெரியாது. பயத்தில் புத்தி கலங்கிப் பள்ளத்தில் இறங்கினால் பிடிக்க ஆளில்லை. நம் நாட்டில் போதைப் பொருள் சட்டப்படி சைலோசைபினை வைத்திருப்பதே குற்றம். வீட்டுக்காரர் சிறைக்குப் போகவா இத்தனை பாடு?

அப்படி ஒரே நாளில் மனசு மாறினவர் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் இருந்தார். பில் வில்சன் என்ற அமெரிக்கர். பங்குச் சந்தையில் புழங்கினவர். குடித்தே எல்லாவற்றையும் தொலைத்தார். 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நம் ஊமத்தைக்கு உறவான பெல்லடோனா என்ற செடியின் மருந்தைக் கொடுத்திருந்தார்கள். மனம் ஒடிந்து கடவுளைக் கூப்பிட்டபோது அறை முழுக்க வெள்ளை ஒளி நிறைந்ததாக அவர் உணர்ந்தார். அது தெய்வமா, மருந்தின் மயக்கமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பாதிக் கதை கேட்டவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேளுங்கள். ஐந்து மாதம் கழித்து, 1935 மே மாதம், ஏக்ரன் என்ற ஊருக்கு வியாபாரமாகப் போனார். வியாபாரம் தோற்றது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அலை எழும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ட ஒளி அப்போது வந்து தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த டெலிபோனை எடுத்து, தன்னைப் போல் குடியால் தவிக்கிற யாராவது இந்த ஊரில் உண்டா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற டாக்டர். இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் நாடு உள்பட உலகமெங்கும் கூட்டம் நடத்துகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

ஒளி சில நிமிஷம்தான். அதற்குப் பிறகு 1971-ல் சாகும்வரை முப்பத்தாறு வருஷம் அவரைத் தாங்கினது அந்தக் கூட்டமும் அன்றாடப் பழக்கமும். அப்படியும் சிகரெட்டை அவரால் விட முடியவில்லை. நுரையீரல் கெட்டுத்தான் இறந்தார். ஆகவே அபூர்வ அனுபவம் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே தினமும் நடக்கவேண்டியது நம் கால்தான்.

நாற்பத்திரண்டாம் நாளுக்கு

சகோதரி, உங்கள் வீட்டுக்காரருக்கு அபூர்வ அனுபவம் வருஷா வருஷம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடக்கவேண்டியதற்குத்தான் ஏற்பாடு இல்லை. இந்த வருஷம் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

அவர் குடிக்காத ஒரு காலை வேளையில், குற்றம் சொல்லாமல், மகள் கேட்டதை மட்டும் அப்படியே சொல்லுங்கள். மாலை போடுவதற்கு முன் டாக்டரைப் பார்க்கச் சம்மதம் வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மறுவாழ்வு உதவிக்கு 14446 என்ற எண்ணுக்கும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இப்போது உண்டு. அவருக்கு எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார்.

மாலை போட்டிருக்கும்போது, அவர் மனசு தெளிந்திருக்கும் அந்த நாட்களில், நாற்பத்திரண்டாம் நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசுங்கள். விடியற்காலைக் குளியல் தொடரட்டும். அதோடு பத்து நிமிஷ மூச்சும் சேரட்டும். வாரம் ஒருநாளாவது பஜனையைத் தொடரமுடியுமா என்று குருசாமியிடம் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அனானிமஸ் கூட்டம் நடந்தால் மாலை கழற்றிய அன்றே போகட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் எங்கே போகவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

அப்படியும் ஒருநாள் விழுந்தால்? "எல்லாம் போச்சு" என்று நீங்களும் சொல்லாதீர்கள், அவரையும் சொல்லவிடாதீர்கள். ஒருநாள் சறுக்கினதைவிட, "இனிமேல் என்ன இருக்கு" என்ற எண்ணம்தான் மனுஷனை முழுக்குடிக்குத் தள்ளுகிறது. மறுநாள் காலையில் மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை

கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

பில் வில்சனின் மனைவி பெயர் லோயிஸ். பல வருஷம் அவரைத் திருத்தவே பாடுபட்டவர். அவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்தியபோது, லோயிஸ் காலணியை எடுத்து எறிந்துவிட்டார். எறிந்த பிறகுதான் அவருக்கே திகைப்பு. இத்தனை வருஷம் தவித்ததில் தன் மனசும் நோய்ப்பட்டிருப்பது அப்போதுதான் புரிந்தது. 1951-ல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் சென்னையிலேயே, குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சிகிச்சை நிலையம் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார். அவர் கணவரை இழந்த பிறகுதான் ஆரம்பித்தார். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதனால் அந்தப் பத்து நிமிஷ மூச்சை நீங்களும் பழகுங்கள். அவருக்காக வேண்டாம், உங்களுக்காக. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் உங்கள் வயிற்றில் ஏறுகிறதே, அதுவும் ஓர் அலைதான். ஆனால் ஒன்று. அவர் கை நீட்டுகிறவரானால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். 181-க்குப் போன் செய்யுங்கள்.

மகள் மறுபடி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கும்மா. அது உன்னால வந்ததில்லை, என்னால வந்ததில்லை. டாக்டர்கிட்ட போகப்போறோம்."

பொய்யும் இல்லை, வீண் நம்பிக்கையும் இல்லை. ஆறு வயசுக்கு இது போதும். கார்த்திகை கழிந்து, தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா